மூன்றாவது சீட்டு

நான்காவது குறுவாளை எடுத்தபோது ஹிராசேயின் கைதான் முதலில் விழித்துக்கொண்டது. அந்தக் கனத்தை உள்ளங்கை ஏற்கெனவே அறிந்திருந்தது. மூளைக்குச் செய்தி போய்ச் சேர இன்னும் இரண்டு விநாடி ஆனது.

விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரு சாணுக்குச் சற்றே மேலான இரும்பு. விளிம்பை ஒட்டி வெள்ளைப் பனி மாதிரி தோய்ச்சல் வரி ஓடியது. ரம்பப் பற்களைப் போல ஒரே பக்கம் சாய்ந்த சின்னச் சின்ன மேடுகள். முனையிலிருந்து மூன்று விரல் கீழே ஒரு மேடு மட்டும் சாய மறந்து நிமிர்ந்து நின்றது.

உருவிய கத்தி கையில் இருக்கும்போது வாய் திறக்கக் கூடாது. மூச்சின் ஈரம் பட்டாலே துரு ஏறும். நல்ல வேளை, அப்படி ஒரு விதி இருந்தது. இல்லாவிட்டால் கோயில் கூடம் அதிரக் கத்தியிருப்பார்.

அது அவர் செய்த கத்தி.

பதினோரு வருஷத்துக்கு முன், பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவதற்கு முன்னால் களிமண் பூசிக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. கை ஆடியது. வரியின் வடிவத்தைத் தீர்மானிக்கும் களிமண் ஓர் இடத்தில் தடித்தது. அந்த இடம்தான் இது. தன் கையெழுத்து தனக்குத் தெரியாமல் போகுமா?

ஆனால் இந்தக் கத்தி இப்போது உலகத்தில் இருக்கவே கூடாது. மூன்று வருஷத்துக்கு முன் நான்கு துண்டாக அறுத்து யோஷீ ஆற்றில் வீசியாயிற்று. வீசியவனே வந்து சொன்னான்.

வீசியவன் அதே கூடத்தில் மூன்றாவது தூணருகே உட்கார்ந்து மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தான். உகிதா. கத்திகளுக்குச் சாணை பிடித்து மெருகேற்றுபவன். ஹிராசேயின் தங்கை புருஷன்.

ஹிராசே கத்தியைப் பட்டுத்துணி மேல் வைத்தார். குனிந்து வணங்கினார். எழுந்தார்.

ஒசாஃபுனேவில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு இந்தக் கூட்டம் நடக்கும். ஐந்து கத்திகள். கைப்பிடிக்குள் போகும் காம்பை, பெயர் வெட்டியிருக்கும் இடத்தை, துணியால் சுற்றி மறைத்துவிடுவார்கள். இரும்பையும் வரியையும் மட்டும் பார்த்து எந்தக் கொல்லர் செய்தது என்று சீட்டில் எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். மூன்று தடவை எழுதலாம். நடுவர் சிவப்புப் பென்சிலால் ‘சரி’ என்று போடுவார், அல்லது ‘இல்லை’. அதே குருகுலத்தைச் சேர்ந்த வேறொருவர் பெயரை எழுதியிருந்தால் ‘சொந்தம்’. பகல் பன்னிரண்டுக்குள் மூன்றாவது சீட்டு போய்விட வேண்டும். அதற்குப் பிறகு துணியை அவிழ்த்து விடையைச் சொல்வார்கள். பிறகு சாப்பாடு.

இன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒன்று இருந்தது. ஒன்றரை மணிக்கு அருங்காட்சியகத்தில் இருந்து இரண்டு பேர் வெள்ளைக் கையுறையோடு வரப்போகிறார்கள். நான்காவது குறுவாளை அதன் சொந்தக்காரர் ஒபாதா, சோயா சாறு காய்ச்சும் முதலாளி, ஊருக்கே தானமாகக் கொடுக்கிறார். எழுநூறு வருஷத்துக்கு முன் இதே ஊரில் சுத்தியல் பிடித்த ககெமித்சுவின் கை என்று பலரும் வெளியில் சொல்லாமலே ஊகித்திருந்தார்கள்.

சுவர்க்கடிகாரம் பத்து ஐம்பது காட்டியது.

ஹிராசே சீட்டை எடுத்தார். ‘சரி’ வந்துவிட்டால் கத்தியை மறுபடி எடுக்க முடியாது, ஆனால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அதனால் வேண்டுமென்றே முன்னூறு வருஷம் பிந்திய ஓசாகாக் கொல்லர் ஒருவர் பெயரைக் கிறுக்கினார். நடுவர் மேஜையில் தனோமுரா அம்மாள் அதைப் பார்த்தார். எழுபத்தொரு வயது. கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. ‘இல்லை. காலமே தப்பு’ என்று சிவப்பில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

“என்ன ஹிராசே, ராத்திரி சாக்கே குடி அதிகமாயிடுச்சா?”

“கண்ணு கொஞ்சம் சரியில்லம்மா.”

“கொல்லனுக்குக் கண்ணு சரியில்லன்னா வெளியில சொல்லாத. ஆர்டர் குறையும்.”

பக்கத்தில் பல் டாக்டர் மினாகி தன் முதல் சீட்டிலேயே ‘சரி’ வாங்கிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஹிராசேயின் தோளில் தட்டினார்.

“நாலாவதைப் பார்த்தீங்களா சார்? அந்த இரும்பு! ஈரமா இருக்குதுங்க, ஈரமா! தொட்டா விரல்ல ஒட்டிக்கும் போல. கோவிச்சுக்காதீங்க, இந்தக் காலத்து ஆளுங்களுக்கு இது வராது.”

“வராதுதான்.”

“உங்களச் சொல்லல.”

“என்னைத்தான் சொல்றீங்க. பரவாயில்ல.”

இருபத்தாறு வருஷமாக உலை முன்னால் நிற்கிறவருக்கு இப்படி ஒரு பாராட்டு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அதுவும் அவர் முகத்துக்கு நேரேயே, வேறொருவர் பெயரில் கிடைத்தது. காது மடல் சூடானது. அந்தச் சூட்டில் பயமும் இருந்தது, வெட்கம்கெட்ட சந்தோஷமும் இருந்தது. எது எவ்வளவு என்று அவராலேயே பிரிக்க முடியவில்லை.

தூணருகே போனார். உகிதாவின் சட்டைக் காலரைத் தொட்டார்.

“மச்சான், வெளிய வா.”

“எதுக்கு? குளிருது.”

“வா.”

செருப்பு அடுக்கும் பலகைக்குப் பின்னால், வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒடுக்கமான இடம். நவம்பர் மழை பொடிப்பொடியாகத் தூறிக்கொண்டிருந்தது. ஒபாதாவின் வெள்ளை வேன் நின்றது. அதிலிருந்து சோயா வாடை இதுவரை வந்தது.

ஹிராசே குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நாலு துண்டு.”

உகிதா மழையைப் பார்த்தான்.

“ஆத்துல போட்டேன்னு சொன்ன. எந்தப் பாலத்துலேர்ந்து போட்டேன்னுகூடச் சொன்ன. அன்னைக்கு ராத்திரிதான் எட்டு வருஷத்துக்கப்புறம் ஒழுங்காத் தூங்கினேன்.”

“தூங்கினியா இல்லையா? அதுக்காகத்தான் சொன்னேன்.”

“அடப்பாவி!”

“மெதுவா, மச்சான். பல் டாக்டருக்குப் பாம்புக் காது.”

விஷயம் இதுதான். ஹிராசேயின் தங்கை சிகுசாவுக்குப் பிரசவம் இரண்டு மாதம் முந்திக்கொண்டது. குழந்தை நிற்குமா என்று டாக்டரே கையை விரித்த நேரம். பிறந்த பிள்ளையின் தலைமாட்டில் காவலுக்கு ஒரு குறுவாள் வைப்பது தாய்மாமன் கொடுக்க வேண்டிய சீர். ஹிராசே தோய்த்த கத்தியைச் சாணைகூடச் சரியாகப் பிடிக்காமல், வெள்ளை மர உறையில் போட்டு, ஓடிப்போய் வைத்துவிட்டார். காம்பில் பெயர் வெட்டவில்லை. கத்திகளைப் பதிவு செய்யும் கல்வித்துறை அலுவலகத்தில் காட்டிப் பதிவுச்சீட்டும் வாங்கவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். குழந்தை பிழைத்தது. நாத்சுஹோ என்று பெயர் வைத்தார்கள். தலைமாட்டிலிருந்து கத்தியை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. அடுத்த வாரம் அடுத்த மாதமானது, கெடு தாண்டியது. கெடு தாண்டிய பிறகு போய் நின்றால் ஏன் என்று கேட்பார்கள். பெயரும் பதிவும் இல்லாத கத்தியைச் செய்து வெளியே கொடுத்த கொல்லனுக்கு உரிமம் போகும். உரிமம் போனால் உலையை மூட வேண்டியதுதான். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் தங்கை வீட்டுக்குப் போகும்போது அந்த உறையைப் பார்த்துவிட்டுக் கறுப்பு மொச்சை தொண்டையில் இறங்காமல் திரும்பி வருவார்.

“சொல்லு. எப்படி இங்க வந்துச்சு?”

“கொல்லையில முள்ளங்கிப் பாத்திக்குப் பக்கத்துல காம்பை மட்டும் வெளிய விட்டு... இல்ல, காம்பை மட்டும் மண்ணுல விட்டுப் புதைச்சேன். ரெண்டு மழைக்காலம். என்னா துருங்கிற! சாக்லேட் கலர். எங்க பெரியப்பா வீட்டுக் களஞ்சியத்தை இடிக்கும்போது உத்தரத்து மேல வெச்சிட்டேன். ஆளுங்க எடுத்தாங்க, பயந்து போலீஸ்ல சொன்னாங்க, பழைய கத்தின்னு பதிவாயிடுச்சு. பெரியப்பாகிட்டேர்ந்து ஒபாதா முதலாளி வாங்கினாரு.”

“ஏன்டா?”

உகிதா முதல் தடவையாக அவர் கண்ணைப் பார்த்தான்.

“ஏனா? நாலு வருஷம். நாலு வருஷமும் புதுக் கத்திப் போட்டிக்கு நீ அனுப்பினதைப் பார்த்துட்டு, நடுவரா இருக்கற அந்தம்மா என்ன எழுதிச்சு? ‘வேலைப்பாடு உண்டு, பழைய வாசனை இல்லை.’ நாலு தடவையும் அதே வரி. நாலு தடவையும் நான்தான் சாணை பிடிச்சேன். விரல் நகம் தேய்ஞ்சு போச்சு. பழைய வாசனைன்னா என்னன்னு அந்தம்மாவுக்குத் தெரியுமான்னு பார்க்கணும்னு தோணிச்சு. பார்த்துட்டேன். உள்ள போய்ப் பாரு, சிவப்புப் பென்சிலால ‘சரி, சரி’ன்னு போட்டுக்கிட்டிருக்கு!”

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

“விளையாட்டு முடிஞ்சதும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். ஆனா முதலாளி கத்தியை முதல் தடவை உருவிப் பார்த்துட்டு அழுதுட்டாரு மச்சான். பெரிய மனுஷன். கண்ணாடியைக் கழட்டிட்டு அழுதாரு. அப்புறம் எப்படிச் சொல்றது?”

ஹிராசே இரண்டு எட்டு நடந்தார். திரும்பினார். மறுபடி இரண்டு எட்டு. அந்த இடத்தில் அவ்வளவுதான் நடக்க முடிந்தது.

“இப்ப என்ன செய்யச் சொல்ற?”

“‘ககெமித்சு’ன்னு எழுதிக் குடு. ‘சரி’ வாங்கிக்க. வந்து சாப்பிடு. ஒன்றரைக்கு அது கண்ணாடிப் பெட்டிக்குள்ள போயிடும். யாரும் தொட மாட்டாங்க. உன் உரிமம் பத்திரம், நானும் பத்திரம். உன் கத்தி எழுநூறு வருஷத்துக் கத்தியா உட்கார்ந்திருக்கும். எந்தக் கொல்லனுக்கு இது கிடைக்கும்?”

பேச்சில் பிழை எதுவும் இல்லை. அதுதான் ஹிராசேவைப் படுத்தியது. சட்டைப் பையில் இரண்டாவது சீட்டு உறுத்திக்கொண்டிருந்தது.

“நாத்சுஹோவுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“என்னது?”

“அவ கத்தி எங்கன்னு.”

உகிதா செருப்புப் பலகையை விரலால் சுரண்டினான். “ஆத்துல போட்டுட்டோம்னு சொன்னேன். உன்கிட்ட சொன்னதையேதான்.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. ஒரு வாரம் பேசல. மாமா செஞ்சது, அப்பாவுக்கு எப்படி மனசு வந்துச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லி அழுதாளாம். பிள்ளைங்கதானே, மறந்துடும்.” அவன் பேச்சை மாற்றப் பார்த்தான். “இப்ப அவளுக்கு வேற ஜோலி. அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டிட்டுப் போறாங்களாம். புத்தம்புதுக் காலணி கேட்டு...”

நிறுத்தினான்.

“எங்க கூட்டிட்டுப் போறாங்க?” ஹிராசே கேட்டார்.

கேட்கத் தேவையே இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு வருஷாவருஷம் கூட்டிப்போவது ஊருக்கே தெரியும். வரிசையாக நிற்கவைத்து, புதிதாக வந்த பொருளைக் காட்டி, குறிப்பேட்டில் எழுதச் சொல்வார்கள். ககெமித்சு, எழுநூறு வருஷம், காம்பில் பெயர் இல்லை. பதினோரு வயதுப் பெண் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, தன் தலைமாட்டில் கிடந்த கத்தியைப் பார்த்து, வேறொருவன் பெயரை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

அல்லது அடையாளம் கண்டுகொள்வாள். எட்டு வருஷம் அதன் பக்கத்தில் தூங்கியவள்.

இரண்டில் எது மோசம் என்று ஹிராசேவுக்குத் தெரியவில்லை.

உள்ளே மணி அடித்தார்கள். பதினொன்றரை. இரண்டாவது சீட்டுக்கு நேரம் முடிந்துவிட்டது.

அதை எழுதாமலேயே விட்டுவிட்டு மூன்றாவது பார்வைக்கு வரிசையில் நின்றார். முன்னால் நான்கு பேர். ஒவ்வொருவரும் கத்தியை எடுத்து, வணங்கி, விளக்குக்குத் தூக்கி, பெருமூச்சை மூக்குக்குள்ளேயே அடக்கிக்கொண்டு வைத்தார்கள். சுவரில் பெரிய முள் கீழிருந்து ஏற ஆரம்பித்திருந்தது. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, “உடம்பு சரியில்லையா மாஸ்டர்? காலை அப்படி ஆட்டாதீங்க, பலகை அதிருது” என்று கிசுகிசுத்தார்.

அவர் முறை வந்தது. எடுத்தார்.

இந்தத் தடவை எதையும் தேடவில்லை. சும்மா பார்த்தார். நிமிர்ந்து நின்ற அந்த ஒற்றை மேட்டைப் பார்த்தபோது தொலைபேசியில் சிகுசாவின் மாமியார் குரல் கேட்டது. ‘ரெண்டு கையளவுதான் இருக்குது, ஆனா அழுவுது.’ மற்ற மேடுகளுக்குக் களிமண் பூசியபோது கை எங்கோ, காது எங்கோ இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ செய்தாகிவிட்டது. இது மாதிரி ஒன்று வரவில்லை என்பது மட்டும் உண்மை.

வைத்தார். சீட்டை எடுத்து ‘ககெ’ என்று எழுதினார்.

பென்சில் நின்றது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். உகிதா தூணருகே இருந்து கண்ணாலேயே ‘எழுது, எழுது’ என்றான். ஒபாதா முதலாளி நடுவர் மேஜைக்குப் பக்கத்தில் புது அங்கியில் சம்மணமிட்டு, கல்யாண வீட்டுப் பெண்ணின் அப்பா மாதிரி எல்லோருக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

ஹிராசே ‘ககெ’யை அடித்தார். கீழே, கத்திகளில் தான் வெட்டும் உலைப் பெயரை எழுதினார். நாகஹோ. இதே ஊர். பதினோரு வருஷத்துக்கு முந்திய ஏப்ரல்.

கொண்டுபோய் வைத்தார்.

தனோமுரா அம்மாள் படித்தார். பென்சிலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“இது விளையாட்டுக் கூட்டம்தான். ஆனா இப்படி விளையாட மாட்டாங்க.” குரல் மேஜையைத் தாண்டவில்லை.

“விளையாடலம்மா.”

“ஆதாரம்?”

“காம்புக்கு மேல இருக்கற பூணைக் கழட்டினா, அடியில வரி ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கும். வலது பக்கம் நகக்கண் அளவு, தீவு மாதிரி ஒரு புள்ளி. அன்னைக்குக் கட்டைவிரல் வெந்திருந்தது, சுண்டுவிரலால களிமண்ணைத் துடைச்சேன்.”

அம்மாளின் முகம் மாறவில்லை. நேற்று அவரேதான் பூணைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

“சாணை பிடிச்சது உன் தங்கை புருஷன். அவன் உன்கிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்.”

“அப்ப அது ஆதாரம் இல்ல.”

“இல்லதான்.”

“பதிவுச்சீட்டு?”

“நான் வாங்கல. என் பேரும் வெட்டல. அப்படியே குடுத்துட்டேன்.”

அம்மாள் அவரையே பார்த்தார். கூடத்தில் யாரோ சாப்பாட்டுப் பெட்டிகளை இறக்கும் சத்தம். ஊறுகாய் கானாங்கெளுத்தி வாடை.

“இதைச் சொன்னா உன் உலை என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் சொல்றியா?”

“தெரியும்.”

“பொய் சொல்லி உரிமத்தைப் பிடுங்கிக்கச் சொல்றவன் ஒருத்தனையும் நான் இன்னும் பார்க்கல.” சிவப்புப் பென்சிலை எடுத்தார். சீட்டின் மேல் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். ஹிராசே அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘சொந்தம்’ என்று போட்டுத் தப்பித்துவிடுவாரோ? ககெமித்சுவின் ஊர், ககெமித்சுவின் பாணி, பரம்பரைப் பிள்ளை மாதிரி. கௌரவமான ஒரு பொய். யாருக்கும் சேதாரம் இல்லை.

அம்மாள் ‘சரி’ என்று போட்டார்.

பிறகு எழுந்து நின்றார். “மினாகி டாக்டர்! உங்க சீட்டை இங்க கொண்டாங்க.”

“எதுக்கும்மா? எனக்கு முதல்லயே ‘சரி’ குடுத்துட்டீங்களே!”

“கொண்டாங்க. நாலாவதுக்கு ‘சரி’ வாங்கின எல்லாரும் கொண்டாங்க.”

பதினான்கு சீட்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் தான் போட்ட ‘சரி’யைத் தானே அடித்து ‘இல்லை’ என்று எழுதினார். பதினான்கு தடவை. கை அவசரப்படவில்லை. கூடம் மூச்சு விடவில்லை, யாரும் கத்தியைக் கையில் எடுத்திருக்கவில்லை என்றாலும்.

“நாலாவது கத்திக்கு இன்னைக்குச் சரியான விடை எழுதினது ஒரே ஆளு” என்றார். “நான்கூட எழுதல.”

மினாகி டாக்டர் ஹிராசேயின் சீட்டை எட்டிப் பார்த்தார். படித்தார். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. “ஈரமா இருக்குதுன்னு சொன்னேன்ல” என்றார் பலவீனமாக. “அதை மட்டும் நான் வாபஸ் வாங்க மாட்டேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் ஒபாதா எழுந்துவிட்டார்.

உகிதா தூணை விட்டுப் பாய்ந்து வந்து அவர் காலடியில் நெற்றி தரையில் படக் கவிழ்ந்தான். “முதலாளி, தப்பு என்னோடது. மச்சானுக்கு இன்னைக்குக் காலைல வரைக்கும் தெரியாது. நான்தான், நான்தான்...”

“எழுந்திரு. உன் முதுகைப் பார்த்து எனக்கு என்ன ஆகணும்?”

அவன் எழவில்லை.

ஒபாதா ஹிராசேவிடம் திரும்பினார். “ஒரு வருஷமா தினம் காலைல பல்லு விளக்கினதும் அதைத்தான் கும்பிட்டேன். தெரியுமா உனக்கு? என் அப்பனைக்கூட நான் அப்படிக் கும்பிட்டதில்ல.”

“மன்னிச்சிடுங்க.”

“உன்னையா கும்பிட்டேன்?”

ஹிராசே தலையைக் குனிந்துகொண்டார். ஒபாதாவின் கழுத்து நரம்பு துடித்தது. அடிப்பாரோ என்று நான்கு பேர் முன்னால் வந்தார்கள். அவர் அடிக்கவில்லை. மேஜைக்குப் போனார். கத்தியை உறையில் போட்டார். பட்டுப் பையில் செருகி, மூன்று தடவை முயன்று முடிச்சுப் போட்டார். பதிவுச்சீட்டை அதன் மேல் வைத்துக்கொண்டார்.

“அருங்காட்சியகத்துக்கு யாராவது போன் பண்ணுங்க. வரவேண்டாம்னு. காரணத்தை நான் அப்புறம் சொல்லிக்கறேன்.” வாசலை நோக்கி நடந்தபடியே, “நீங்க ரெண்டு பேரும் என்கூட வண்டில ஏறுங்க” என்றார்.

“எங்க முதலாளி?” உகிதா தரையிலிருந்தே கேட்டான்.

“எங்கேயா? ஊர்வலமா போறோம்! போலீஸ் ஸ்டேஷன்டா மடையா. பொய்ச்சீட்டு ஒட்டின கத்தியை இன்னும் ஒரு மணி நேரம் கையில வெச்சிருந்தா நானும் குற்றவாளி.”

செருப்புப் பலகையருகே தனோமுரா அம்மாள் ஹிராசேவை நிறுத்தினார். மழை கொஞ்சம் வலுத்திருந்தது.

“நாலு வருஷமும் நான் எழுதினதை மாத்த மாட்டேன். நீ போட்டிக்கு அனுப்பினதுல அந்த வாசனை இல்ல. இதுல இருக்கு. ஏன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.”

“எனக்கும் தெரியலம்மா.”

“தெரிஞ்சா கெட்டுடும். போ.”

வேனில் மூன்று பேர் முன் இருக்கையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின்னால் சோயாப் பீப்பாய்கள் வளைவுக்கு வளைவு முனகின. நடுவில் உகிதா. கத்தி ஒபாதாவின் மடியில். வண்டி ஓட்டுவதற்கு இடைஞ்சலாக இருந்தும் அவர் அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

“உரிமம் போகுமா மச்சான்?” உகிதா மெல்லக் கேட்டான்.

“போகலாம். ஆறு மாசம் நிறுத்தி வைப்பாங்களோ, ஒரேயடியாப் பிடுங்கிடுவாங்களோ. நீயும் கொஞ்ச நாள் உள்ள இருப்ப.”

“சிகுசாகிட்ட யாரு சொல்றது?”

“நீ.”

“உன் தங்கச்சிதானே.”

“உன் பொண்டாட்டிதானே.”

“ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்றார் ஒபாதா. “எனக்கு வர்ற ஆத்திரத்துல ஆத்துக்குள்ள விட்டுடுவேன். இப்பவாவது நிஜமா ஆத்துல போன மாதிரி ஆகும்.”

பாலம் வந்தது. யோஷீ ஆறு கலங்கலாக, அகலமாக ஓடியது. மூவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள், ஒரே நேரத்தில் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். உலைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் உரிமம் ஹிராசேவின் நினைவுக்கு வந்தது. கழற்றினால் பின்னால் கரி படியாத வெள்ளைச் சதுரம் ஒன்று இருக்கும். அதை என்ன செய்வது, மேலே நாட்காட்டி மாட்டலாமா என்றுகூட யோசித்துவிட்டார்.

பாலம் முடிந்ததும் ஒபாதா முன்னால் பார்த்தபடியே கேட்டார். “யாருக்காகச் செஞ்ச?”

“தங்கச்சி பொண்ணுக்கு. பிறந்த அன்னைக்கு. பிழைக்காதுன்னாங்க.”

கண்ணாடியில் துடைப்பான் நான்கைந்து தடவை அங்குமிங்கும் போய் வந்தது.

“பிழைச்சுதா?”

“புதுக் காலணி வேணும்னு கேட்கறா” என்றான் உகிதா.

ஒபாதா ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, சுற்றி வந்து, ஹிராசே பக்கத்துக் கதவைத் திறந்தார். மழையில் நனையாதபடி பட்டுப் பையை அங்கிக்குள் வைத்திருந்தார். அதை எடுத்து நீட்டினார்.

“நீ கொண்டுபோ. நான் கொண்டுபோனா தொலைஞ்ச சாமான் கிடைச்சதுன்னு நினைச்சுக்குவான்.”

உள்ளே ஞாயிற்றுக்கிழமைக் காவலர், நாற்பது வயதுக்காரர், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மூன்று பெரிய மனிதர்கள் நனைந்துபோய் வரிசையாக நிற்பதைப் பார்த்து அவசரமாகக் கையைத் துடைத்தார். ஹிராசே பையை மேஜை மேல் வைத்து, பதிவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து, ஒரே மூச்சில் சொன்னார். காவலருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் படிவத்தை எடுத்தார்.

“வகை?”

“குறுவாள்.”

“நீளம்?”

“இருபத்தாறு சென்டிமீட்டர், நாலு மில்லி.”

“அளந்து பார்க்காமலே சொல்றீங்க?”

“நான்தான் செஞ்சேன்.”

காவலர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். பேனா அடுத்த கட்டத்தில் நின்றது. ஏற்கெனவே இருந்த சீட்டில் அந்த இடத்தில் எழுநூறு என்று போட்டிருந்தது.

“பழமைன்னு ஒரு கட்டம் இருக்கு. இதுக்கு என்ன வயசு போடறது?”

ஹிராசே சொல்வதற்கு முன் உகிதா சொல்லிவிட்டான்.

“பதினொண்ணு. ஏப்ரல் வந்தா பன்னிரண்டு.”